ஒற்றைக் கதவு வீடு

நான் ஈப்போவுக்குப் படிக்கப் போனபோது எங்கள் வீட்டிலிருந்து வெளியே போக மூன்று கதவுகள் இருந்தன. முன்கதவு ஒன்று. சமையல் செய்யும் குசினியிலிருந்து பின்சந்துக்குப் போகும் கதவு ஒன்று. அதே குசினியின் பக்கச் சுவரில், அம்மா துணி உலர்த்தும் கம்பிக்குப் போவதற்காக ஒரு சின்னக் கதவு. முதல் விடுமுறைக்குத் திரும்பி வந்தபோது சின்னக் கதவைக் காணோம். அது இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்து, சிமிந்தி பூசியிருந்தார்கள். பூச்சின் மேல் அம்மா திருஇருதய ஆண்டவர் படத்தை மாட்டியிருந்தார். அடைத்த இடம் இரண்டரை அடி அகலம், ஆறரை அடி உயரம். சுவரின் மற்ற பகுதி பழுப்பேறியிருக்க, அந்தக் கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

அம்மாவிடம் கேட்டேன். "ஒங்கப்பாவையே கேளு" என்றார். நனைந்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்சந்து வழியாகக் கம்பிக்குப் போனார். அப்பா செங்கல் சூளையிலிருந்து சாயங்காலம் வந்ததும் கேட்டேன். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்.

"கதவு வரி."

அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அப்பா பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அங்கேயே பால் வெட்டினார், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். நாங்கள் இருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சுச்சளியால் பால் வெட்ட முடியாமல் வேலையை விட்டார். ஒரு மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. லோரியில் சாமான்களை ஏற்றியபோது அப்பாவும் போய்ப் பிடித்தார். கட்டில், அம்மிக்கல், கோழிக்கூண்டு. கோழிக்கூண்டில் கோழிகள் உள்ளேயே இருந்தன. மறு வாரத்திலிருந்து அப்பா வீடு வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

எல்லாம் ஒரு வரிசையில் நடந்தது. முதலில் நீல அடையாள அட்டை. அதற்கு அப்பா பல வருடங்கள் அலைந்தார். மலாய் மொழிச் சோதனைக்கு நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அட்டை வந்த அன்று, "நான் இப்ப பிரஜை" என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அப்பா ஒரு செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தார். சேமநிதியில் எடுக்கக்கூடியதை எடுத்து, சுங்கை லாலாங் பக்கம் அரசாங்கம் கட்டிய மலிவு விலை வீடுகளில் ஒன்றுக்கு முன்பணம் கட்டினார். வரிசையின் ஓரத்து வீடு. முட்டி உயரத்துக்குச் சுவர், அதற்கு மேல் பலகை. குடிபோன முதல் ஞாயிறு பாதிரியார் வந்து தண்ணீர் தெளித்தார். அப்பா வாசலில் நின்று, "இனிமே நம்மள யாரும் எறங்குன்னு சொல்ல முடியாது" என்றார். தன் சூளையிலிருந்தே உடைந்த கல்லாகப் பொறுக்கிச் சேர்த்து, பின்னால் ஒரு குசினி கட்டினார். அதில் இரண்டு கதவுகள் வைத்தார். லயத்தில் அம்மா புகையில் இருமிய வருடங்களை நினைத்துத்தான் வைத்தார் என்று நான் நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம் முதல் பில் வந்தது.

பில்லில் என்னவோ நீளமான பெயர்தான் அச்சாகியிருந்தது. மதிப்பீட்டு வரி என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். ஆனால் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் அதை 'சுக்காய் பிந்து' என்றுதான் சொல்வோம். சுக்காய் என்றால் வரி. பிந்து என்றால் கதவு. வீட்டுக்கு வீடு, வாசலுக்கு வாசல் வாங்கும் வரி என்ற அர்த்தத்தில் எப்போதோ வந்த பெயராக இருக்கும். அப்பா தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டத்தில் எதையும் எண்ணித்தான் கொடுப்பார்கள், எண்ணித்தான் பிடிப்பார்கள். மரத்தை எண்ணுவார்கள், பால் வாளியை எண்ணுவார்கள், ஆளை எண்ணுவார்கள். கதவு வரி என்றால் கதவை எண்ணி வாங்குவது என்று அவர் எடுத்துக்கொண்டதில் எனக்கு இன்றும் ஆச்சரியமில்லை.

அதற்கு ஆதாரமும் இருந்தது. அடுத்த வீட்டில் லோரி ஓட்டும் மாமா ஒருவர் இருந்தார். உறவில்லை. அம்மா அவரை அண்ணன் என்று கூப்பிட்டதால் எனக்கு மாமா, அப்பாவுக்கு மச்சான். அவரும் அப்பாவும் வரிசையிலிருந்த எல்லா வீட்டுப் பில்லையும் விசாரித்தார்கள். குசினி கட்டாத வீடுகளுக்கு இரண்டு கதவு, பில் குறைவு. குசினி கட்டிய வீடுகளுக்கு மூன்று கதவு, பில் கூட. ஒரு வீடுகூட இதற்கு மாறாக இல்லை. நான் அந்த வருடம் கல்லூரியில் இருந்தேன். அங்கே இப்படி ஒரு அட்டவணையைக் காட்டியிருந்தால் என் ஆசிரியர்களும் முதலில் அப்பாவின் முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். கதவைச் சேர்த்தது குசினி, வரியைச் சேர்த்ததும் குசினி என்பது அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

"மச்சான், நீ ஏன் கதவோட நிறுத்திட்ட?" என்று மாமா அப்பாவைச் சீண்டுவார். "சன்னலயும் அடைச்சிடு. நாளைக்கு அதுக்கும் ஒரு சுக்காய் போட்டா என்னா செய்வ?"

"ஒனக்கென்னலா. நீ லோரியிலயே படுத்துக்குவ."

"லோரிக்கும் ரெண்டு கதவு இருக்கே மச்சான். அதுக்கும் ரோட்டு வரி கட்டுறேனே."

இருவரும் சிரிப்பார்கள். மாமா தன் வீட்டில் எந்தக் கதவையும் அடைக்கவில்லை.

அப்பா பணம் கட்டிய எல்லாவற்றுக்குமான ரசீதுகள் குசினிச் சுவரில் ஒரு கம்பியில் குத்தியிருக்கும். பட்டியல் போடும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அந்த விடுமுறையில் கம்பியிலிருந்ததையெல்லாம் கட்டம் போட்ட தாளில் எழுதிப் பார்த்தேன். சைக்கிளுக்கு ஒரு லைசென்ஸ், அதற்கு ஒரு சின்னத் தகரத் தட்டு. ரேடியோவுக்கு லைசென்ஸ். பழைய டெலிவிஷனுக்கு லைசென்ஸ். நாய்க்கு லைசென்ஸ். நிலத்துக்கு வருடம் ஒரு முறை. வீட்டுக்கு வருடம் இரண்டு முறை. ரசீது இல்லாமல் கட்டியவை தனி: சீனி, மண்ணெண்ணெய், அப்பாவின் சிகரெட். எழுதி முடித்ததும் தாளின் வலப்பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, மேலே 'கிடைத்தது' என்று தலைப்பு எழுதினேன். பள்ளிக்கூடம் என்று எழுதினேன். ஆஸ்பத்திரி என்று எழுதினேன். அது நியாயம்தான். என் படிப்புக்குக்கூட அரசாங்கம்தான் உதவித்தொகை கொடுத்தது. வீட்டு வரிக்கு எதிரே மட்டும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஏனென்றால் எங்கள் வரிசைக்கு முன்னாலிருந்த சாக்கடை உடைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மழை பெய்தால் தண்ணீர் நேராக ஓரத்து வீட்டுக்குள், அதாவது எங்கள் வீட்டுக்குள், வரும். அப்பா சொல்ல, வரியை வாங்கும் நகராட்சி மன்றத்துக்கு நான் மலாயில் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. நிதி ஒதுக்கீடு இல்லை என்பதற்கு அதில் 'பெருந்துக்கான்' இல்லை என்று எழுதியிருந்தது. நான் வாசித்துக் காட்டியதும் அம்மா கேட்டார்: "என்னாது? பெருந்துக்கம் இல்லியாமா?"

லோரி மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஆமா தங்கச்சி. அவங்களுக்குத் துக்கமே இல்லியாம். நம்ம வீட்லதான தண்ணி ஏறுது."

அது எங்கள் வரிசையில் ஒரு வழக்காகிவிட்டது. எந்த வேலையும் நடக்கவில்லையென்றால், "பெருந்துக்கம் இல்லை" என்போம். அதே வருடம் டவுனில் சாலைகள் கூடும் வட்டச் சடக்குக்கு நடுவில் மன்றம் ஒரு நீரூற்று கட்டியது. மூன்று அடுக்கு, கலர் விளக்குகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நாங்களும்தான் அதை வேடிக்கை பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது.

ஒரு கதவை அடைத்தும் பில் குறையவில்லை. அப்பா மனம் தளரவில்லை. ஆபிசில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும், ஆள் வந்து பார்த்தால்தானே என்றார். நான் கட்டட வரைபடப் படிப்பை முடித்து வந்த வருடம், வீடுகளையெல்லாம் மறுபடி அளந்து புதிய மதிப்புப் போடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அந்த வாரமே பின்கதவையும் அடைத்தார். இரண்டு மாலை நேரங்களில் வேலை முடிந்தது. அம்மா எதிர்த்தார். குசினிக்கு மறுபடி புகை வந்துவிட்டது. துணி வாளியும் குப்பையும் மீன் கழுவிய தண்ணீரும் முன்கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே வந்தால் வெளியே போக வழியில்லை. அப்பா சொன்னது இதுதான்: "அளந்துட்டுப் போவட்டும். அப்புறம் பாத்துக்கலாம். இந்தப் பில்லு இன்னும் ஏறுனா வீட்டுத் தவணை கட்ட முடியாது. தவணை கட்டலன்னா வீடு இல்ல."

அது உண்மை. அப்பாவின் சூளைச் சம்பளத்தில் வீட்டுத் தவணை, சாப்பாடு, இந்த வரி மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. இன்னும் கொஞ்சம் ஏறினால் ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும். அப்பாவுக்கு அது வீடாக இருந்துவிடக்கூடாது.

எனக்கு முதல் வேலை கிடைத்தது அப்போதுதான். சுங்கை பட்டாணியில் ஒரு சின்ன அலுவலகம். வீடுகளை அளந்து படம் வரைந்து கொடுக்கும் வேலையை மன்றம் அவர்களுக்குக் கொடுத்திருந்தது. ஆறு மாதத் தற்காலிக வேலை. முதல் நாளே அச்சடித்த பாரத்தை என் மேசையில் வைத்தார்கள். மேலிருந்து கீழே படித்தேன். நீளம், அகலம், சுவர் வகை, கூரை வகை, தரை வகை, கூடுதலாகக் கட்டிய பகுதி, அதன் நீளம், அதன் அகலம். திரும்பவும் கீழிருந்து மேலே படித்தேன். கதவு என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று மூன்று வாக்கியங்கள் எழுதிக்கொண்டேன். அப்பா, வரி கதவுக்கு இல்லை. வீட்டின் பரப்பளவுக்கு. குசினியைத்தான் எண்ணுகிறார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா பின்கதவை அடைத்த சுவரில் இரண்டாம் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார். சாந்துக் கரண்டியைத் திருப்பிப் பிடித்து, ஓரங்களைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். முன்னால் அப்படி ஒரு கதவு இருந்தது என்றே யாரும் சொல்லக்கூடாது என்பதுபோல் இருந்தது அந்தப் பூச்சு. என்னைப் பார்த்ததும், "வேல எப்படிம்மா?" என்றார். பரவாயில்லை என்றேன். மூன்று வாக்கியங்களும் என் கைப்பையிலேயே இருந்தன.

ஐந்தாவது வாரம் எங்கள் குடியிருப்பு வந்தது. சொந்த வரிசையை வேறு யாராவது அளக்கட்டும் என்று என் மேலாளரிடம் கேட்டேன். ஆள் இல்லை, அளப்பது யாராக இருந்தாலும் அடி அடிதான் என்றார். அவர் சொன்னது சரி. அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன்; என்னோடு வேலை பார்த்த மலாய்ப் பெண் மறுமுனையைப் பிடித்தாள். காலையிலிருந்து வரிசையின் மறுகோடியில் ஆரம்பித்து ஒவ்வொரு வீடாக வந்தோம். ஜனங்கள் கோப்பி கொடுத்தார்கள். நம்ம பொண்ணு அளக்க வந்திருக்கு, பார்த்துப் போடும் என்று நினைத்தார்கள். ஒரு அக்கா கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அது கதவில்லை, சும்மா பலகை என்றார். அப்பாவின் கதவுக் கணக்கு அந்தக் கோடி வரை போயிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. லோரி மாமா மட்டும் எல்லாக் கதவையும் திறந்து வைத்திருந்தார். "நல்லா அளந்துக்க பாப்பா. மாமா குசினியில ஒளிச்சு வச்சது ஒண்ணும் இல்ல" என்றார். பத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதினேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா வேலைக்குப் போகாமல் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். குசினிக்கு எங்களை அவரே அழைத்துப்போய் இரண்டு சுவர்களையும் காட்டினார். அந்த மலாய்ப் பெண் ஆண்டவர் படத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெளியே வந்ததும் தணிந்த குரலில், குசினியை எழுதட்டுமா வேண்டாமா என்று மலாயில் கேட்டாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள்.

நான் யோசித்தேன். எழுதாமல் விட்டாலும் பின்சந்தில் நடக்கும் எவருக்கும் குசினி தெரியும். தெரிந்தால் என் வேலை போகும். இவை இரண்டும் காரணங்கள். ஆனால் மூன்றாவதுதான் என்னைத் தடுத்தது. காலையிலிருந்து பதினோரு குசினிகளை என் கையால் எழுதியிருந்தேன். கோப்பி குடித்த வீடுகளின் குசினிகள். மாமாவின் குசினி. பத்துக்குப் பதினாலு, எழுது என்றேன்.

அப்பா கேட்டின் அருகே நின்றுகொண்டிருந்தார். "ஒண்ணுன்னு போட்டியாம்மா?" என்றார்.

"பாத்ததைப் போட்டிருக்கேன்பா" என்றேன்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

புதிய மதிப்பு வந்தது. குசினி கட்டிய எல்லா வீட்டுக்கும் ஏறியிருந்தது. எங்களுக்கு ஓரத்து நிலமும் சேர்ந்ததால் இன்னும் கொஞ்சம் அதிகம். ஏற்றம் மட்டுமே அப்பாவின் ஒரு வாரச் சம்பளத்தைத் தாண்டியது. அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பாகப் போட்டுவிட்டார்கள், ஆட்சேபம் சொல்லலாம் என்று பின்பக்கத்தில் இருக்கிறதே என்றார். ஆட்சேபக் கடிதம் நான்தான் எழுதினேன். வருமானம், தவணை, சாக்கடை என்று வரிசையாக எழுதினேன். கதவைப் பற்றி எழுதவில்லை. அப்பா கேட்டபோது, அதை நேரில் சொல்லலாம் என்றேன். ஒருவேளை விசாரணைக்கே கூப்பிடமாட்டார்கள் என்று நம்பியிருப்பேன்.

கூப்பிட்டார்கள். மன்றத்தின் மாடியில் குளிர்சாதன அறை. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர், ஓரத்தில் குறிப்பெடுக்க ஒரு கிராணி. நடுவில் இருந்த அதிகாரி மரியாதை தெரிந்தவர். அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அப்பா என்னிடம் கொடுக்கவில்லை. நீல அட்டைக்காகப் படித்த மலாயில் அவரே சொன்னார்.

"பிந்து சத்து சஜா, துவான்."

கதவு ஒன்றுதான், ஐயா. ஒரு விரலையும் காட்டினார்.

அதிகாரிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். அப்பா தொடர்ந்து சொன்னார். முன்னால் மூன்று இருந்தது, இரண்டை அடைத்துவிட்டேன், ஆள் வந்து பார்த்தார்கள், ஆனாலும் மூன்று கதவுக்குமேல் போட்டிருக்கிறீர்கள். ஓரத்திலிருந்த கிராணி குனிந்துகொண்டு சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று பார்த்து, அதில்தான் வரி என்று பொறுமையாக விளக்கினார். நான் தமிழில் சொன்னேன்.

"நான் வாடகைக்கு விடலியே" என்றார் அப்பா. "நாந்தானே இருக்கேன். என் வீட்ல நான் இருக்கிறதுக்கு வாடகையா?"

இதை நான் மலாயில் சொன்னேன். சட்டம் அப்படி என்று அதிகாரி பதில் சொன்னார். கதவுகளின் எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அதையும் நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா அவர்களை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ அளந்த பாரத்துல கதவே இல்லியாம்மா?"

"இல்லப்பா."

"ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

உங்கள் தந்தை என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று சொன்னேன்.

பஸ் நிற்கும் இடம் நீரூற்றுக்கு எதிரே. வெயில் நேரத்தில் தண்ணீர் விட மாட்டார்கள். காய்ந்துபோன தொட்டியில் ஐஸ்கிரீம் காகிதங்கள் கிடந்தன. அப்பா அதன் விளிம்பில் உட்கார்ந்தார். பூச்சு உதிர்ந்த இடத்தில் தெரிந்த கல்லை விரலால் தடவினார். "இது நம்ம சூளைக் கல்லு" என்றார். "இந்த லோடு ஏத்துனது நாந்தான். ரெண்டு நாளு." அதில் கோபம் இல்லை. தெரிந்த ஒருவரைச் சடக்கில் பார்த்துவிட்டுச் சொல்வது போலச் சொன்னார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அந்த மூன்று வாக்கியங்களையாவது சொல்லியிருப்பேன். பஸ் வந்தது. எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார்.

ஒரு மாதத்தில் இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. முதலாவது, ஆட்சேபம் ஏற்கப்படவில்லை. இரண்டாவதை நான் எதிர்பார்க்கவில்லை. குசினி அனுமதியில்லாமல் கட்டப்பட்டது. அதற்குப் பின்வழியும் இல்லை. தீப்பிடித்தால் ஆபத்து. மூன்று மாதத்துக்குள் பின்கதவு வைத்து, முறைப்படி வரைபடம் கொடுத்து, கட்டணமும் கட்டினால் அனுமதி. இல்லையென்றால் குசினி இடிக்கப்படும். விசாரணையில் அப்பா தானாக எடுத்துச் சொன்ன எல்லாம் அந்தக் கடிதத்தில் பிசகாமல் இருந்தது.

வாசித்துச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா, "கதவு இல்லன்னாலும் காசா?" என்று மட்டும் கேட்டார். லோரி மாமா அன்று வந்திருந்தார். வழக்கமாக ஏதாவது சொல்லிச் சீண்டுபவர், கடிதத்தை வாங்கிப் பார்த்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சூளையில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரட்டைச் சம்பளம். அந்த மாதத்திலிருந்து அப்பா ஞாயிறு பூசைக்கு வருவதை நிறுத்தினார். எனக்கு நினைவு தெரிந்து அவர் பூசை தவறியதில்லை. நானும் அம்மாவும் மட்டும் போனோம். பாதிரியார் கேட்டபோது அம்மா, வேலை என்றார். என் ஆறு மாத வேலையும் அதற்குள் முடிந்திருந்தது. எங்கள் வரிசையையும் சேர்த்து எல்லா வீட்டையும் அளந்து முடித்துவிட்டோம்; அதனால் இனி ஆள் தேவைப்படவில்லை.

வரைபடம் நான்தான் வரைந்தேன். இரண்டு வருடம் படித்த படிப்புக்கு நான் தனியாக வரைந்து கையெழுத்துக்கு அனுப்பிய முதல் படம் எங்கள் குசினிதான். சாப்பாட்டு மேசையில் தாளை ஒட்டி, பத்துக்குப் பதினாலைச் சுருக்கிக் கோடு போட்டேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். விசாரணைக்குப் பிறகு அவர் என் பக்கத்தில் அப்படி உட்கார்ந்தது அன்றுதான். பின்சுவரில் இடைவெளி விட்டு, கவராயத்தால் கால் வட்டம் ஒன்று போட்டேன்.

"இந்த வளைவு என்னா?"

"கதவுப்பா. தெறந்தா அது சுத்திப் போற எடம்."

"அதுவும் கணக்குல வருமா?"

"வராதுப்பா."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

தெரிந்துதான் சொல்கிறேன் என்றேன்.

சுவரை உடைக்க ஒரு முழு நாள் ஆயிற்று. அவர் கட்டியது அவ்வளவு உறுதியாக இருந்தது. பழைய கதவுப் பலகையை விறகாக்கியிருந்தார்கள். அதனால் புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருந்தது. பக்கத்துச் சின்னக் கதவை உடைக்கவில்லை. அங்கே ஆண்டவர் படம் அப்படியே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த வருட மழையில் முன்னால் வந்த தண்ணீர் வீட்டுக்குள் ஓடி, புதிய பின்கதவு வழியாகச் சந்துக்குப் போயிற்று. சாக்கடை அப்படியேதான் இருந்தது.

வீடு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அப்பா இன்னும் ஞாயிற்றுக்கிழமை கல் ஏற்றப் போகிறார். முதுகு வளைந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பில் வரும்போது பினாங்கில் வேலை பார்க்கும் நான் வீட்டுக்கு வரும்வரை பிரிக்காமல் வைத்திருப்பார். நான் பிரித்து, தொகையைச் சொல்வேன். அவர் அதைக் கேட்டுக்கொள்வார். பிறகு கேட்பார்.

"கதவு சேத்திருக்கானா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாரா, என்னைக் குத்துவதற்குக் கேட்கிறாரா, அல்லது உண்மையாகவே தெரியாமல் கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடிந்ததில்லை.

"இல்லப்பா" என்பேன்.

தாளை என் கையிலிருந்து வாங்கிக் கம்பியில் குத்துவார்.